வயிற்றுக்குள் பரவிய புற்றுநோய், எழுபது தாண்டிய வயது: பெரிய ஆபரேஷன், கீமோ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதியவர்களுக்கு வயிற்றுக்குள் புற்றுநோய் பரவியிருக்கிறது என்று தெரிந்ததும் குடும்பத்தார் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்பவர்கள் கேட்கிற விதத்திலேயே அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறோம். உங்கள் நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரை நேரில் பார்க்கும் மருத்துவக் குழுதான் சொல்ல முடியும். அந்தக் குழுவிடம் எதைக் கேட்பது, அவர்கள் சொல்வதற்கு என்ன பொருள் என்பதற்கு இந்தப் பக்கம் உதவும்.

1. வயித்துக்குள்ள பரவிடுச்சுன்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன? கடைசி ஸ்டேஜா?

வயிற்றுச் சுவரின் உட்பக்கத்தையும் குடல், ஈரல், கர்ப்பப்பை போன்ற உறுப்புகளின் வெளிப்பக்கத்தையும் ஒரு மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. அதன் பெயர் பெரிட்டோனியம். கட்டியிலிருந்து உதிரும் செல்கள் இந்தப் படலத்தின் மேல் விழுந்து, மணல் தூவியதுபோல் சிறு முடிச்சுகளாக முளைப்பதைத்தான் 'வயிற்றுக்குள் பரவிவிட்டது' என்கிறார்கள். பல பேருக்கு நீரும் கோத்துக்கொள்ளும்.

ஸ்டேஜ் எண்ணைவிட, நோய் எங்கே தொடங்கியது என்பதுதான் முக்கியம். சினைப்பைப் புற்றுநோய் பெரிட்டோனியத்தில் மட்டும் பரவியிருந்தால் அது மூன்றாம் ஸ்டேஜ். கீமோவுக்கு நன்றாகக் கரையும். பெருங்குடலிலிருந்தோ இரைப்பையிலிருந்தோ அங்கே பரவியிருந்தால் அது நான்காம் ஸ்டேஜ், போக்கும் வேறு. குடல்வாலில் தொடங்கி வயிறு முழுவதும் கூழ்போல் சேரும் ஒரு வகை உண்டு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அது மெதுவாக வளரும். முழுதாக அகற்றினால் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பயாப்சி முடிவு வரும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

2. அப்பாவுக்கு 78 வயசு. இவ்வளவு பெரிய ஆபரேஷனைத் தாங்குவாரா?

78 என்ற எண்ணை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. தினம் இரண்டு மாடி ஏறி இறங்கும் 80 வயதுக்காரரும், ஆறு மாதத்தில் 8 கிலோ இளைத்து நாளில் பாதியைப் படுக்கையில் கழிக்கும் 68 வயதுக்காரரும் ஒரே கணக்கில் வரமாட்டார்கள். இரண்டாமவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

'தாங்குவாரா' என்பதை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். ஆபரேஷன் மேஜையிலிருந்து உயிரோடு வருவாரா என்பது ஒன்று. மூன்று மாதம் கழித்துத் தானாக எழுந்து, குளித்து, சாப்பிட்டு, மீதிக் கீமோவுக்கு வரும் நிலையில் இருப்பாரா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வருவது இப்போது சாதாரணம். முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இரண்டாவது கேள்வி. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான்.

3. எக்கோ, ஈசிஜி எல்லாம் நல்லா இருக்கு. அப்புறம் எதுக்கு முதியோர் மருத்துவர்கிட்ட அனுப்புறாங்க?

எக்கோ இதயத்தை மட்டும்தான் பார்க்கும். ஆபரேஷனுக்குப் பிறகு முதியவர்களைச் சாய்ப்பது பெரும்பாலும் எடை இழப்பு, கீழே விழும் பழக்கம், லேசான மறதி, ஒரே நேரத்தில் பத்து மாத்திரை, கவனிக்க ஆளில்லாமை போன்றவை. இவை எந்த ஸ்கேனிலும் தெரியாது. 'ஜி8' என்ற சிறு கேள்வித்தாள் உண்டு. மொத்தம் 17 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் விரிவான மதிப்பீடு தேவை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லிக் கடிகாரத்தில் பார்ப்பதும் உண்டு. 20 விநாடிக்கு மேல் ஆனால் ஆபரேஷனுக்குப் பிந்தைய சிக்கல்களின் வாய்ப்பு கூடுகிறது.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 70 வயதைக் கடந்த, முற்றிய புற்றுநோய் உள்ள 718 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், இந்த மதிப்பீட்டின் முடிவையும் அதற்கேற்ற பரிந்துரைகளையும் மருத்துவர் கையில் கொடுத்ததாலேயே கடும் பக்கவிளைவுகள் 71 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகக் குறைந்தன. புது மருந்து எதுவும் சேர்க்கப்படவில்லை.

4. ஆபரேஷன்ல என்னதான் எடுப்பாங்க? எட்டு மணி நேரம் ஆகும்ங்கறாங்களே?

கண்ணுக்குத் தெரியும் நோய் அத்தனையையும் எடுப்பதுதான் நோக்கம். நோய் படிந்த பெரிட்டோனியத்தை உரித்தெடுப்பார்கள். குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையான ஒமெண்டத்தை அகற்றுவார்கள். தேவைப்பட்டால் குடலின் ஒரு பகுதி, மண்ணீரல், பித்தப்பை, கர்ப்பப்பை, சினைப்பைகள் ஆகியவையும் போகும். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகலாம். மண்ணீரலை எடுக்க வேண்டி வரலாம் என்று முன்பே தெரிந்தால், நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசிகளை இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும். அவசரத்தில் மறந்துபோகிற விஷயம் இது, நீங்களே நினைவுபடுத்துங்கள்.

நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை அளக்க வயிற்றை 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். உச்ச அளவு 39. இதைப் 'பிசிஐ' என்பார்கள். பெருங்குடல் புற்றுநோயில் இது 20-ஐத் தாண்டினால் பெரும்பாலான குழுக்கள் இந்த ஆபரேஷனுக்குப் போவதில்லை. 1-ஆம் பதிலில் சொன்ன குடல்வால் வகையில் இதைவிட அதிகமாக இருந்தாலும் செய்கிறார்கள்.

5. சி.டி. ஸ்கேன்ல கொஞ்சமாதான் தெரியுது. எதுக்கு மறுபடி துளை போட்டுப் பார்க்கணும்?

அரை சென்டிமீட்டருக்குக் குறைவான முடிச்சுகளை சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் தவறவிடும். பெட் ஸ்கேனும் கூழ் வகைக் கட்டிகளில் ஏமாற்றும். ஸ்கேனில் 'கொஞ்சம்' என்று தெரிந்து, வயிற்றைத் திறந்தபின் சிறுகுடல் முழுவதும் தூவியிருப்பதைக் கண்டு அப்படியே மூடிவிட்ட கதைகள் உண்டு. முதியவருக்கு அது வீண் காயம், வீண் மயக்க மருந்து, வீணான ஆறு வாரம். லேப்ராஸ்கோபி என்றால் சில சிறு துளைகள் வழியாகக் கேமராவை விட்டுப் பார்ப்பது. அதில் முக்கியமாகப் பார்ப்பது சிறுகுடலையும் அதைத் தாங்கும் மடிப்பையும்தான். அங்கே பரவலாக இருந்தால், பிசிஐ குறைவாக இருந்தாலும் முழுதாக எடுக்க முடியாது. போதிய நீளம் சிறுகுடல் மிஞ்சாவிட்டால் சாப்பிட்டு வாழ முடியாது.

6. முழுசா எடுக்க முடியாட்டி என்ன, முடிஞ்ச வரைக்கும் எடுத்தா அவ்வளவுக்கு நல்லதுதானே?

இல்லை. குடும்பங்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். மூட்டையில் பாதியை இறக்கினால் பாதிப் பாரம் குறையும் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆபரேஷன் முடிவில் எவ்வளவு மிஞ்சியது என்பதை நான்காகப் பிரிப்பார்கள்: கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் 0; மிஞ்சியது 2.5 மில்லிமீட்டருக்குள் என்றால் 1, அதிலிருந்து 2.5 சென்டிமீட்டர்வரை 2. அதற்கும் மேல் 3. பெரிய பலன் 0-இல்தான். 1-இல் நோயின் வகையைப் பொறுத்து ஓரளவு கிடைக்கும். 2, 3 என்றால் பெரிய ஆபரேஷனின் முழு வேதனையையும் அனுபவித்துவிட்டு, ஆயுளில் ஏறக்குறைய எதையும் சம்பாதிக்காமல், அதற்குள் போட்டிருக்கக்கூடிய கீமோவையும் இழந்திருப்பார்கள்.

இளைஞருக்கு அந்த இழப்பிலிருந்து மீள உடலில் சேமிப்பு இருக்கும். முதியவருக்கு இருக்காது. அதனால் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "முழுதாக எடுக்க முடியும் என்று நினைக்கிறீர்களா? உள்ளே போய் முடியாது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்?" 'அப்படியானால் நிறுத்திவிடுவோம்' என்று சொல்லும் அறுவை மருத்துவரை நம்பலாம். அடைப்பு, நிற்காத ரத்தப்போக்கு போன்ற குறிப்பிட்ட தொல்லையைத் தீர்க்க மட்டும் செய்யும் சிறிய ஆபரேஷன் வேறு. அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

7. முதல்ல கீமோவா, முதல்ல ஆபரேஷனா?

சினைப்பைப் புற்றுநோயில் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. முற்றிய நோயுள்ளவர்களிடம் ஐரோப்பாவிலும் கனடாவிலும் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், முதலில் ஆபரேஷன் செய்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 29 மாதம். மூன்று சுற்றுக் கீமோ கொடுத்துப் பிறகு ஆபரேஷன் செய்தவர்களுக்கு 30 மாதம். ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஆபரேஷனை ஒட்டிய மரணம் முதல் குழுவில் 2.5 சதவீதம், இரண்டாவதில் 0.7 சதவீதம். முதியவருக்கு, அதுவும் நீர் கோத்து இளைத்துப்போனவருக்கு, முதலில் கீமோ என்பதே பெரும்பாலும் சரியான வழி. நீர் வற்றும், சாப்பாடு இறங்கும், இரத்தப் புரதமான ஆல்புமின் ஏறும். மூன்று சுற்றுக் கீமோவை உடல் எப்படித் தாங்குகிறது என்பதே ஆபரேஷனுக்கு ஒரு முன்னோட்டமும்கூட.

பெருங்குடல் நோயிலும் பல குழுக்கள் முதலில் கீமோ கொடுத்து நோயின் குணத்தைப் பார்க்கின்றன. கீமோவின் நடுவிலேயே வளரும் நோயை ஆபரேஷன் செய்து பயனில்லை. கீமோவோடு பெவாசிஸுமாப் (கட்டிக்குப் புது இரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் மருந்து) சேர்த்திருந்தால், அதன் கடைசி ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் ஆறு வாரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆறாது, குடல் இணைப்பு பிரியும்.

8. வயித்துக்குள்ளயே சூடா கீமோ ஊத்துவாங்களாமே, அது வெச்சா குணமாயிடுமா?

'ஹைபெக்' என்று சொல்வது அதைத்தான். கட்டிகளை அகற்றியபின், ஏறக்குறைய 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் மருந்துக் கரைசலை வயிற்றுக்குள் 30 முதல் 90 நிமிடம் சுற்றவிடுவார்கள். மருந்து சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். அதனால் மிஞ்சிய பெரிய கட்டியை அது கரைக்காது. 6-ஆம் பதிலில் சொன்ன 0, 1 நிலையில் மட்டுமே அதற்கு வேலை.

பலன் நோயைப் பொறுத்தது. மூன்றாம் ஸ்டேஜ் சினைப்பைப் புற்றுநோயில், மூன்று சுற்றுக் கீமோவுக்குப் பிந்தைய ஆபரேஷனின்போது சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துடன் ஹைபெக் சேர்த்ததில் இடைநிலை ஆயுள் 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதமாகக் கூடியது; இது நெதர்லாந்து மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு. பெருங்குடல் புற்றுநோயில் ஆக்சாலிபிளாட்டினுடன் பிரான்சில் செய்த ஆய்வு 2021-இல் வந்தது. ஹைபெக் சேர்த்தவர்களுக்கு 41.7 மாதம், சேர்க்காதவர்களுக்கு 41.2 மாதம். ஆனால் 60 நாளில் கடும் சிக்கல்கள் சேர்த்தவர்களுக்கு 26 சதவீதம், மற்றவர்களுக்கு 15 சதவீதம். அதாவது அங்கே வேலை செய்தது நல்ல ஆபரேஷன்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிரான்ஸ் ஆய்வில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை. நெதர்லாந்து ஆய்வின் வரம்பு 76. உங்கள் 79 வயது அம்மாவுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. சிறுநீரகம் சுமாராக இருந்தால் சிஸ்பிளாட்டின் ஹைபெக்கே வேண்டாம்.

9. கிரியேட்டினின் 1.2தான், கிட்டத்தட்ட நார்மல். ஆனா சிறுநீரகம் பத்தாதுன்னு மருந்தை மாத்துறாங்களே?

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வயதானவருக்குத் தசை குறைவு. ஆகவே சிறுநீரகம் பாதி ஓய்ந்திருந்தாலும் இரத்தத்தில் அந்த எண் நல்லபடியாகவே தெரியும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72-ஐக் கிரியேட்டினினால் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும், பெண்ணானால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். 78 வயது, 50 கிலோ, கிரியேட்டினின் 1.2 உள்ள ஒரு பெண்மணிக்கு இது நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 மில்லிதான். ஆரோக்கியமான இளைஞருக்கு 100-ஐ ஒட்டி இருக்கும்.

இதனால் மருந்தே மாறும். சிஸ்பிளாட்டினைப் பொதுவாக 50-க்குக் கீழே தவிர்ப்பார்கள். கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை 30-க்கும் 50-க்கும் இடையில் முக்கால் அளவு. 30-க்குக் கீழே கூடாது. கார்போபிளாட்டின் அளவையே இந்த எண்ணோடு 25 கூட்டித்தான் கணக்கிடுகிறார்கள். வலிக்காகக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் இந்த எண்ணை ஒரே வாரத்தில் கீழே தள்ளிவிடும்.

10. வயசானவங்கன்னு டோஸைக் குறைக்கிறாங்க. அப்போ நோய் எப்படிக் கேக்கும்?

டோஸைக் குறைப்பதும் மருந்தையே நீக்குவதும் ஒன்றல்ல. இரைப்பை, உணவுக்குழாய் புற்றுநோயுள்ள, உடல் நலிந்த 514 முதியவர்களிடம் பிரிட்டனில் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், ஆக்சாலிபிளாட்டின், கேபசிடபின் இரண்டையும் 60 சதவீத அளவில் கொடுத்தபோதும் நோய் கட்டுப்பட்டிருந்த காலம் குறையவில்லை, பக்கவிளைவுகள் குறைந்தன. முற்றிய குடல் புற்றுநோயில் 80 சதவீதத்தில் தொடங்கிப் பிறகு கூட்டும் வழியும் முதியவர்களிடம் சோதிக்கப்பட்டது.

மாறாக, உடல் நலிந்த, 70 கடந்த சினைப்பைப் புற்றுநோய் பெண்களுக்கு 'பாவம், ஒரு மருந்து போதும்' என்று கார்போபிளாட்டினை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வை 120 பேரோடு நிறுத்த வேண்டிவந்தது. பாக்லிடாக்சலும் சேர்த்துப் பெற்றவர்களைவிட அவர்கள் சீக்கிரம் இறந்தார்கள். ஆகவே கேட்க வேண்டியது இது: "அளவைக் குறைக்கிறீர்களா, மருந்தை விடுகிறீர்களா? விடுவதானால் ஏன்?"

11. ஆபரேஷனுக்கு மூணு வாரம் இருக்கு. வீட்ல என்ன பண்ணலாம்?

நிறைய. முதலில் நடை: தினம் இரண்டு வேளை, பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில், இருபது முப்பது நிமிடம். முடியாதவர் ஐந்து நிமிடமாகப் பிரித்து நடக்கலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்தால் தொடைத் தசை நிற்கும். ஆபரேஷனுக்குப் பிறகு கழிப்பறைக்குத் தனியாகப் போவதற்கு அந்தத் தசைதான் வேண்டும். மூச்சுப் பயிற்சிக் கருவியை இப்போதே பழகட்டும். வலியோடு புதிதாகக் கற்பது கடினம். புகைப்பவர் இன்றே நிறுத்த வேண்டும்.

புரதம்: எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம். 50 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரே வேளையில் இவ்வளவு இறங்காது, ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். சிறுநீரகம் மோசமாக இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்திருந்தாலோ ஆல்புமின் 3-ஐ ஒட்டி இருந்தாலோ ஆபரேஷனைச் சில வாரம் தள்ளி உடம்பைத் தேற்றுவது தாமதமல்ல, சிகிச்சை. இரத்தசோகைக்கு இந்த மூன்று வாரத்தில் ஊசி வழி இரும்புச்சத்து ஏற்றலாம். அதைவிட்டு முந்தின நாள் இரத்தம் ஏற்றி ஒப்பேற்றக் கூடாது.

12. எந்த மாத்திரையை எப்ப நிறுத்தணும்?

எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில், பொதுவாக வார்ஃபரினும் க்ளோபிடோக்ரெலும் ஐந்து நாள் முன்பு. அபிக்சபான், ரிவராக்சபான் இரண்டு நாள் முன்பு, சிறுநீரகம் மந்தமானால் இன்னும் முன்பே. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. சர்க்கரைக்கான டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகையை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு நார்மலாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும், யாருக்கும் சந்தேகமே வராது. இரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கரைத் திடீரென நிறுத்தக் கூடாது.

13. ஆபரேஷன் முடிஞ்சு நாலாம் நாள், அம்மா சம்பந்தமில்லாம பேசுறாங்க. மூளைக்குப் பரவிடுச்சா?

அநேகமாக இல்லை. இது டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பம். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு முதியவர்களிடம் மிகச் சாதாரணம். கத்திக் கலாட்டா செய்பவர்களைவிட, பேசாமல் சுருண்டு கிடப்பவர்களைத்தான் கவனிக்காமல் விடுகிறோம். மூக்குக்கண்ணாடி, காது மிஷின், பல் செட் ஆகியவற்றை ஐசியூவிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு, தெரிந்த முகம், நாள் கிழமை சொல்லிப் பேசுவது ஆகியவை உதவும். தூங்கட்டும் என்று அல்பிரசோலம், டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளைக் கொடுப்பது குழப்பத்தைக் கூட்டும். ஆனால் பல வருடமாக அதைப் போட்டுப் பழகியவருக்கு ஒரேயடியாக நிறுத்தினாலும் குழப்பம் வரும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தினமும் மது அருந்தும் பழக்கத்தையும் மறைக்காதீர்கள்.

குழப்பத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடச் சொல்லி நச்சரியுங்கள். சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சோடியம் குறைவு, நிமோனியா, வலி என்று எதுவாகவும் இருக்கலாம். குறிப்பாக ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் குடல் இணைப்பு கசியலாம். இளைஞருக்குக் காய்ச்சலும் வயிற்று வலியும் வரும். முதியவருக்கு முதல் அறிகுறி குழப்பமாகவோ, திடீரென ஒழுங்கற்று ஓடும் நாடித்துடிப்பாகவோ, வேகமான மூச்சாகவோ இருக்கலாம். காய்ச்சலே வராமலும் போகலாம். 'வயசானா அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

14. வயித்துல பை வெச்சிருக்காங்க. தண்ணியா நிறையப் போகுது. நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லலாமா?

சிறுகுடலை வெளியே எடுத்து வைத்த பையாக இருந்தால் வெறும் தண்ணீர் அதிகம் குடிப்பது நிலைமையை மோசமாக்கும். உப்பில்லாத நீர் குடலிலிருந்து சோடியத்தை இழுத்துக்கொண்டு வெளியேறும். நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் ஆபத்து எல்லை. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து, வெறும் நீரை அளவோடு நிறுத்தி, மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கிருமித் தொற்று இல்லை என்று உறுதியானபின், குடல் ஓட்டத்தை மெதுவாக்கும் லோபெரமைடு கொடுப்பார்கள். அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். பையைக் காலி செய்யும்போதெல்லாம் அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். முதியவர்களின் சிறுநீரகம் இந்த நீரிழப்பில்தான் படுத்துவிடுகிறது. 9-ஆம் பதிலின் கணக்கில் ஏற்கெனவே 30, 40 உள்ளவருக்கு இரண்டே நாள் போதும்.

15. வீட்டுக்கு வந்தாச்சு. மீதிக் கீமோ எப்ப? ரத்தம் உறையாம இருக்க ஊசி இன்னும் போடணுமா?

ஊசி: ஆம், ஆபரேஷன் நாளிலிருந்து நான்கு வாரம் முடியும்வரை. வயிற்றுப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும் ஆபத்து வீட்டுக்கு வந்தபின்னும் தொடர்கிறது.

கீமோ: நான்கிலிருந்து ஆறு வாரத்தில் தொடங்க முயல்வார்கள். புண் ஆறியிருக்க வேண்டும், வாய்வழிச் சாப்பாடு போதிய அளவு இறங்க வேண்டும், விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாட வேண்டும். எட்டாவது வாரத்திலும் இந்த நிலை வராதவருக்கு மல்லுக்கட்டிக் கீமோ ஏற்றுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

16. கீமோ நாட்கள்ல காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் போட்டுட்டு காலையில போனா போதுமா?

கூடாது. கீமோ போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள்வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். 38.3 டிகிரி செல்சியஸ் ஒருமுறை, அல்லது 38 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். மருத்துவமனைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்தில் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். முதலில் வெப்பமானி, பிறகுதான் மாத்திரை. 13-ஆம் பதிலில் சொன்னது இங்கேயும் பொருந்தும்: காய்ச்சலே இல்லாமல் நடுக்கம், குழப்பம், எழ முடியாத சோர்வு வந்தாலும் கிளம்ப வேண்டியதுதான்.

17. கேபசிடபின் வெறும் மாத்திரைதானே? ஊசி மாதிரி ஆபத்து இல்லையே?

மாத்திரையாக இருந்தாலும் முழுக் கீமோ. வழக்கமான முறையில் இரண்டு வாரம் போட்டு ஒரு வாரம் நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டிய வாரத்திலும் தொடர்ந்து போட்டுவிடுவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. நாட்காட்டியில் குறித்து, ஒருவர் மட்டும் பொறுப்பேற்க வேண்டும். சாப்பிட்ட அரை மணிக்குள் போட வேண்டும். வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாக வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத வாய்ப்புண், உள்ளங்கையில் வலியோடு சிவப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு அழையுங்கள். வார்ஃபரின் போடுபவருக்கு இரத்தம் தாறுமாறாக நீர்த்துப்போகும்.

சிலருக்குப் பிறவியிலேயே இந்த மருந்தைச் சிதைக்கும் டிபிடி என்ற நொதி குறைவு. அவர்களுக்குச் சாதாரண டோஸே உயிரைக் குடிக்கலாம். மருந்து தொடங்கும் முன் இதற்கான பரிசோதனை செய்ய ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020-இல் பரிந்துரைத்தது. உங்கள் மருத்துவர் எழுதாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

18. குடல் அடைச்சுக்கிச்சு. ஆனா ஆபரேஷன் வேண்டாம்ங்கறாங்க. கைவிட்டுட்டாங்களா?

ஒரே இடத்தில் அடைத்திருந்தால் ஸ்டென்ட், மாற்றுவழி, பை என்று ஏதாவது செய்யலாம். பெரிட்டோனியம் முழுதும் பரவிய நோயில் அடைப்பு பல இடங்களில் இருக்கும்; ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது தடுக்கும். அப்போது ஆக்ட்ரியோடைடு ஊசி குடல் சுரப்பைக் குறைக்கும், டெக்சாமெதசோன் வீக்கத்தைக் குறைக்கும். மூக்குக் குழாய் நாள்கணக்கில் தேவைப்பட்டால், வயிற்றுத் தோல் வழியாக இரைப்பைக்குள் ஒரு குழாய் வைத்து வாந்தியை வெளியேற்றலாம். பிறகு வாய்க்கு ருசியாக நீராகாரம் குடிக்கவும் முடியும், வீட்டுக்கும் போகலாம்.

19. ஆபரேஷனே முடியாதுன்னா வேற என்ன இருக்கு?

முதலில் கட்டியில் சில சோதனைகள். குடல், இரைப்பைக் கட்டிகளில் 'எம்எஸ்ஐ' பார்க்க வேண்டும்; கட்டியின் செல்கள் டிஎன்ஏ பிழைகளைத் திருத்த முடியாமல் இருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அது. அது உயர்ந்த அளவில் இருந்தால், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. முற்றிய குடல் புற்றுநோயில் அந்த வகையினர் 307 பேரிடம் நடந்த ஆய்வில், அந்தச் சிகிச்சை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் பெற்றவர்களுக்கு நோய் கட்டுப்பட்டிருந்த இடைநிலைக் காலம் 16.5 மாதம், கீமோ பெற்றவர்களுக்கு 8.2 மாதம், பக்கவிளைவும் குறைவு. வலப்பக்கப் பெருங்குடலில் கட்டி வரும் வயதான பெண்களிடம் இந்த வகை கூடுதலாகக் காணப்படுகிறது. சினைப்பை நோயில் வயது எதுவானாலும் பரம்பரையாக வரக்கூடிய மாறுதலுக்காகப் பிஆர்சிஏ மரபணு பார்க்க வேண்டும். மாறுதல் இருந்தால் கீமோவுக்குப் பிறகு மாத்திரை வழியே நோயைக் கட்டுப்படுத்தலாம், மகள்களுக்கும் அந்தத் தகவல் தேவை.

திரும்பத் திரும்ப நீர் கோத்தால் ஒவ்வொரு முறையும் மருத்துவமனைக்கு அலையாமல், தோலுக்கடியில் நிலையான குழாய் பொருத்தி வீட்டிலேயே வடிக்கலாம். வலி நிவாரண மருத்துவரை கடைசி வாரத்தில் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. முதல் வாரத்திலேயே கூப்பிட வேண்டியவர் அவர்.

20. அப்பா வேண்டாம்கறார், நாங்க வேணும்கறோம். டாக்டர் யார் பேச்சைக் கேக்கணும்?

அப்பாவின் பேச்சை. அவருக்கு விவரம் புரிகிறது, திருப்பிச் சொல்ல முடிகிறது, விளைவை எடைபோட முடிகிறது என்றால் முடிவு அவருடையது. பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு அதை மாற்ற முடியாது. ஆனால் 'வேண்டாம்' என்பதற்குப் பின்னால் என்ன என்று விசாரியுங்கள். செலவுக்குப் பயந்தா, உங்களுக்குப் பாரமாவோம் என்றா, பை வைப்பார்கள் என்ற அருவருப்பா, அல்லது உண்மையிலேயே போதும் என்று நினைக்கிறாரா? முதல் மூன்றுக்கும் பதில் சொல்லிப் பார்க்கலாம். நோயின் பெயரையே அவரிடம் மறைத்துவைத்திருந்தால் இந்தப் பேச்சையே தொடங்க முடியாது.

அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போய், அவர் முன்னிலையில் மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: "இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? எழுபது தாண்டியவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர்?" முப்பது நாள் எண்ணைச் சொன்னால் ஏற்காதீர்கள், முதியவர்களின் இழப்பு இரண்டாவது, மூன்றாவது மாதத்திலும் நடக்கிறது. "வீட்டுக்குத் தானாக நடந்து போனவர்கள் எத்தனை பேர்? வெண்டிலேட்டரில் எத்தனை நாள்வரை முயல்வீர்கள், எப்போது நிறுத்துவீர்கள்?" கடைசிக் கேள்விக்கு அப்பாவே பதில் சொல்லட்டும், அவர் சொல்வதை அன்றே கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.